மிளா இடித்த வண்டி

அப்பு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிவிட்டது. தபால்காரர் கையில் கொடுத்ததும் வழக்கம்போல உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், யாராவது ஆவியில் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று. "பெத்த மகன் எழுதுன காயிதத்தையுமா சோதிக்கணும்? பிரிங்க முதல்ல" என்று உன் அம்மா சத்தம் போட்டாள். பிரித்தேன். உன் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. கோயம்புத்தூரில் உன் கூட்டாளியோடு பங்கு சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கப் போகிறாய் என்பது ஒன்று. அடுத்த மாதம் உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நம் வீட்டு வண்டி வேண்டாம், வாடகைக்கு வேறு கார் பேசிவிடுங்கள் என்பது இன்னொன்று. முதல் செய்தியை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். இரண்டாவதை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியைத்தான் நான் ஒன்பது நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் செய்திக்கு முதலில் பதில் எழுதுகிறேன், எனக்கு அதுதான் சுலபம். மோட்டார் சாமான் கடையில் வேலை பார்க்கிற உனக்கு ஏலக்காய்த் தரகன் யோசனை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் கேட்டுக்கொள். விற்கிறவன் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தால் அன்றைக்குப் பேசாதே. மழை பெய்து சேறு அடித்த மறுநாள் சொல்லாமல் போய்ப் பார். ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி என்று சொன்னால் எந்த டாக்டர் என்று கேள். மட்கார்டின் உட்புறம் விரலை விட்டுத் தடவு. வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்திருந்தாலும் சுத்தியல் பட்ட இடம் விரலுக்குத் தெரிந்துவிடும். நான் மூட்டையில் செய்வதும் இதுதானே. மேலே பச்சைப் பசேலென்று பருத்த காயைப் பரப்பி, அடியில் வெடித்ததையும் வெளுத்ததையும் போட்டுத் தைத்துக் கொண்டுவருவார்கள். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் எவன் மூட்டைக்கும் நான் விலை சொன்னதில்லை. போடியில் என் கையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பகல் முழுவதும் மூட்டைக்குள் விட்ட அதே கையோடுதான் சாயங்காலம் வீட்டுக்கும் வந்தேன், அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து, வாடகைக் கார் பேசியாகிவிட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். இரண்டு முறை அப்படி எழுதிக் கிழித்தேன். உன்னிடம் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் என் வாய் பாதியில் வேறு பக்கம் திரும்பிவிடும். அதனால் எழுதுகிறேன். நீ முழுக்கப் படிக்க வேண்டும்.

நான்கு வருசத்துக்கு முன்னால், சண்டைக் காலத்தில் நிறுத்திய ரயிலை மதுரைக்கு மறுபடியும் விட்ட புதிதில், கார்த்திகை மாசத்துக் காலை அது. முந்தின நாள் மலை உச்சி மெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் விலை பேச ஏலக்காய் மாதிரிப் பிடி எடுத்து வர உன்னை அனுப்பியிருந்தேன். விடிந்து, பால்காரர் வந்து போய், நான் குளித்து முடித்துத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. இடது பக்க ஹெட்லைட்டைக் காணவில்லை. அந்தப் பக்க மட்கார்டு உள்ளே போய் டயரை உரசிக்கொண்டிருந்தது. பானெட் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்க, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓடைக்கு ஓடை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி இறக்கிக் கொண்டுவந்ததாகச் சொன்னாய். பம்பரில் ரத்தம் காய்ந்திருந்தது. உன் வேட்டியிலும் இருந்தது. உனக்கு அடிபட்டிருக்கிறதா என்று உன் அம்மாதான் ஓடிவந்து கேட்டாள். நான் கேட்கவில்லை. "என்னத்த இடிச்ச?" என்றுதான் கேட்டேன்.

"மிளா குறுக்க பாஞ்சுருச்சுப்பா. பனிக்குள்ள தெரியல. மெட்டுக்குக் கீழ, அந்தப் பழைய காபித் தோட்டத்துக்கு மேல இருக்கிற வளைவுல" என்றாய்.

மிளா என்றால் புள்ளிமான் அல்ல, குதிரை உயரத்துக்கு நிற்கும் பெரிய மான். அது பாய்ந்தால் வண்டி இந்தக் கதிக்கு ஆகும்தான். ஆனால் எனக்கு உடனே இரண்டு விஷயம் உறுத்தியது. நீ எங்கே போனாலும் தோளில் கிடக்கும் துண்டு அன்றைக்கு இல்லை. "துண்டு எங்க?" என்றேன். "எங்கியோ விழுந்துருச்சு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். இன்னொன்று, நம் பக்கம் மதுவிலக்கு, மெட்டுக்கு அந்தப் பக்கம் சாராயக் கடை திறந்து கிடந்தது. மலையிலிருந்து இறங்கும் வாலிபப் பிள்ளைகளைப் போலீஸ்காரர்கள் அடிவாரத்து முந்தலில் நிறுத்தி வாயை ஊதச் சொன்ன காலம். நான் பக்கத்தில் வந்து உன் நெற்றியைத் துடைத்துவிடுவதுபோல உன் வாயை மோந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. இல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வரும் வழியில் ஏலக்காயை மென்றிருப்பாய் என்று நினைத்தேன்.

அப்பு, நீ ஒரு மனுசனை இடித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று நான் முடிவு கட்டினேன். அந்த ஐந்து நிமிசத்தில் கட்டிய முடிவு. பனியில் தோட்ட வேலைக்கு நடந்து போகும் யாரோ ஒருவன் மேல் ஏற்றி, ரத்தத்தை நிறுத்த உன் துண்டைக் கட்டி, பயந்துபோய் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாய். என் புத்தியில் எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது. நீ குளிக்கப் போனதும் வண்டியைக் கொல்லைப்புறம் தள்ளச் சொல்லி, கிணற்றில் நானே தண்ணீர் இறைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து அந்த ரத்தத்தைக் கழுவினேன். உன் அம்மா கேட்டதற்கு, காய்ந்தால் பெயிண்டை அரிக்கும் என்றேன். உண்மையில் போலீஸ்காரர் வருவதற்கு முன் கழுவிவிட வேண்டும் என்றுதான் கழுவினேன். உன்னைக் குற்றவாளி என்றும் நினைத்தேன், உனக்காகக் குற்றத்தை மறைக்கவும் செய்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மதுரையில் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாமல் நம் ஊர்ப் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் மைதீன் பட்டறையில் விட்டதற்கும் காரணம் அதுதான். சிக்கனம் என்று ஊருக்குச் சொன்னேன், மகா கஞ்சன் என்று ஊரும் நம்பியது. மைதீன் உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனின் அண்ணன். அதனால் அவனும் உன் பக்கம் என்று நினைத்தேன். வண்டியை விடுவதற்கு முன்னால், மூட்டைக்கு மார்க்கா போடும் மையையும் குச்சியையும் எடுத்துப் போய் பாட்டரி, டைனமோ, ஐந்து டயர், ஜாக்கி எல்லாவற்றிலும் நம் மார்க்காவைப் போட்டேன், மாற்றிவிடுவானோ என்று. மைதீன் இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அண்ணே, அப்படியே என் நெத்தியிலயும் ஒண்ணு போட்டுருங்க. ராத்திரி வேற ஆளு வந்துறக்கூடாதுல்ல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு நாள் அந்தப் பட்டறையில் கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டின்னில் உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், குறைந்த செலவில் ஒரு வண்டியை எப்படித் தேற்றுவது என்று அங்கேதான் பார்த்தேன். நீ வாங்கப் போகும் பழைய வண்டிக்கு உதவும், அதனால் சொல்கிறேன். மைதீன் முதலில் முன்பக்க சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்தான், ஸ்டீயரிங் கம்பி வளைந்திருக்கிறதா, பிரேக் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று. "இந்த ரெண்டுலயும் பழசு வேணாம்ணே, புதுசே போடுவோம். மத்ததுல எம்புட்டு வேணும்னாலும் மிச்சம் புடிப்போம்" என்றான். நான் அவன் கமிஷனுக்குச் சொல்கிறான் என்று நினைத்து அரை நாள் வாதாடினேன். மட்கார்டுக்கு மணல் மூட்டையை முட்டுக்கொடுத்து மரச் சுத்தியலால் உள்ளிருந்து தட்டித் தட்டி வெளியே எடுத்தான். புது ரேடியேட்டர் எழுதிப் போட்டு வர ஒரு மாதமாகும். அவன் அதைக் கழற்றி, பித்தளைப் பாத்திரம் பற்றவைக்கிற ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனான். "பித்தளை பித்தளைதானண்ணே, குடத்துல இருந்தா என்ன, காருல இருந்தா என்ன?" என்றான். ஆசாரி தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடமெல்லாம் சுண்ணாம்பால் புள்ளி வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். இன்றைக்கு வரை அதில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஹெட்லைட்டுக்கு மட்டும் நானே ரயிலில் மதுரைக்குப் போய், பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, வேறு ஏதோ வண்டியில் கழற்றிய ஒன்றை வாங்கிவந்தேன். வளையம் ஒரு சுற்றுப் பெரிது. மாட்டிய பிறகு விளக்கு கொஞ்சம் வானத்தைப் பார்த்தது. ஒன்றரைக்கண் வண்டி என்று ஊரில் பேர் வந்தது உனக்கும் தெரியும்.

ரேடியேட்டரை ஆசாரியிடம் கொண்டுபோவதற்கு முன் மைதீன் ஒரு காரியம் செய்தான். அதன் இடுக்கில் சிக்கியிருந்த ஒரு கொத்து முடியைக் கம்பியால் கிளறி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். முரட்டு முடி, காபிக்கொட்டை நிறம். "மிளாதாண்ணே. தம்பி சொன்னது சரிதே" என்றான். எதையும் மோந்து பார்த்தே பழகிய நான் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. நீ அவனிடம் முன்கூட்டியே சொல்லி, எங்கேயோ ஆட்டுத் தோலில் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதை ஊதிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

வண்டி பட்டறையில் கிடந்த அந்த வாரத்தில் நான் செய்த மற்ற காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். இருமல் என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய், அடிபட்டு யாராவது படுத்திருக்கிறார்களா என்று கட்டில் கட்டிலாகப் பார்த்துவந்தேன். பத்திரிகையில் அடையாளம் தெரியாத பிணம் என்று எங்கே போட்டிருந்தாலும் எந்த ஊர் என்று தேடினேன். நாலாம் நாள் மெட்டுக்குப் போகும் பஸ்சில் ஏறி அந்த வளைவில் இறங்கினேன். தரையில் நம் ஹெட்லைட்டின் கண்ணாடிச் சில்லு கிடந்தது. பக்கத்தில் பாய் அகலத்துக்கு யாரோ அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். காலால் கிளறினால் அடியில் மண் கறுப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே தோட்டத்து லயம், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு. வாசலில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகளிடம், நாலு நாளைக்கு முன்னால் இங்கே கார் ஒரு மிளாவை இடித்ததா என்று கேட்டேன். வெள்ளைச் சட்டையும் தோல் பையும் குடையுமாக ஒரு ஆள் அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மிளாவா? இங்கன ஏது மிளா?" என்றார் ஒருவர். "காரே வரலைங்க" என்றார் இன்னொருவர்.

கண்ணாடி கிடக்கிறது, ரத்தம் கிடக்கிறது, அதன்மேல் சாம்பல் கிடக்கிறது, மிளா இல்லை என்கிறார்கள். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? உண்மையை முழங்கை வரை கைவிட்டு அடியிலிருந்து அள்ளிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன். "உள்ளதச் சொல்லு. மிளா எங்க?"

நீ வாசல் தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாய். பிறகு, "எந்திரிச்சுப் போயிருச்சுப்பா" என்றாய்.

"வண்டிய இந்தக் கோலம் பண்ணிட்டு மிளா எந்திரிச்சு நடந்து போச்சா?"

"ஆமா."

பொய் சொல்கிறாய் என்று தெரிந்தது. அது பொய்தான், அதில் நான் தவறவில்லை. எதற்காகச் சொன்ன பொய் என்பதில்தான் தவறினேன். உன்னை அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். கையை நீட்டி வண்டிச் சாவியைக் கொடு என்றேன். கொடுத்தாய். அதை என் பெல்ட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். தையில் நீ கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது, தட்டிக்கொட்டிப் புது பெயிண்ட் அடித்த வண்டி வாசலில் நிற்க, நீ ஜட்கா பிடித்து ரயிலடிக்குப் போனாய். அதற்குப் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தபோதும் ஒரு தடவைகூட அந்த வண்டியில் நீ ஏறவில்லை. வீம்பு என்று நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றும் நினைத்தேன்.

இனி போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஓடி, அதே லயத்தில் ஒரு வீட்டு இறவாணத்தில் ஒதுங்கினேன். அந்த வீட்டுப் பெண் செல்லத்தாய், நாற்பது வயது இருக்கும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் அன்றைக்கு விசாரிக்க வந்தபோது அவள் தோட்டத்தில் களை எடுக்கப் போயிருந்திருக்கிறாள். அதனால் என்னைத் தெரியவில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்தால் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்குச் சட்டம் ஒரு வெள்ளி வளையம். அடியில் சின்னதாக ஒரு நெளிவு. ஒரு தடவை பல்பு மாற்ற நான் திருப்புளியால் நெம்பி ஏற்படுத்திய நெளிவு அது. மதுரை முழுக்கத் தேடியும் கிடைக்காத நம் ஹெட்லைட் வளையம் அந்த வீட்டுச் சுவரில் இருந்தது. பக்கத்தில் ஒரு மிளாக் கொம்பு, அதில் குடையும் சட்டையும் தொங்கின.

"இந்த வளையம் ஏதும்மா?" என்று கேட்டேன். கேட்ட உடனே அவள் முகம் மாறிவிட்டது. "ஏன் கேக்குறீக? நீங்க யாரு, காட்டிலாகாவா?" என்றாள். அந்தச் சந்தேகப் பார்வையை நான் கண்ணாடியில் தினமும் பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா? ஏலக்காய்த் தரகன் என்றும், என் வண்டிக்கு இதுபோல ஒன்று தேடுகிறேன் என்றும் சொன்னேன். என் கையை எடுத்து மோந்து பார்க்காத குறை. ஏலக்காய் வாடை அடித்திருக்க வேண்டும், நம்பினாள்.

"அது ஆச்சு நாலு வருசம். விடிய வெள்ளனப் பனிக்குள்ள ஒரு காரு மிளாவ இடிச்சுப் போட்டுருச்சு. முன்னங்காலு ரெண்டும் ஒடிஞ்சு கெடந்து சீவன் போகாமத் துடிக்குது. ஓட்டியாந்த தம்பி எறங்கி வந்து பக்கத்துலயே ஒக்காந்துருச்சு. கையால தண்ணி மோந்து வாயில விடுது. அது இந்தத் தம்பியவே பாக்குது. பாக்க முடியாம, தோள்ல கெடந்த துண்ட எடுத்து அது கண்ண மூடிக் கட்டுச்சு. அப்புறந்தே எங்க வீட்டுக்காரரு சோலிய முடிச்சாரு. அந்தத் துண்ட அவருதே கழுவி வச்சுருக்காரு, தம்பி திரும்பி வந்தாக் குடுக்கலாம்னு. வரவே இல்ல."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் மேலும் சொன்னாள். நீ சொன்னதை அப்படியே சொன்னாள்.

"பத்து வீடும் கறி எடுத்தோம், பொய் சொல்லுவானேன். தம்பிதே எடுத்துக்கங்கன்னுச்சு. போகையில சொல்லுச்சு: 'எங்கப்பா இங்க வந்து விசாரிச்சாலும் விசாரிப்பாரு. மிளாவே இல்லைன்னு சொல்லிருங்க. கறி எடுத்தது தெரிஞ்சா அவரு நேரா ரேஞ்சர்கிட்டப் போயிருவாரு. உங்களக் கட்டி இழுத்துட்டுப் போயிருவாக. நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்'னு. அதே மாதிரி ஒரு ஆளு வந்தாராம்ல, எங்க ஆளுக மூச்சு விடலையே."

மழை விடுகிற வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்பு, நீ ஏன் என்னை அப்படி நினைத்தாய் என்று எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உனக்கு அப்போது பதினைந்து வயது. காய் உலர்த்தும் ஸ்டோருக்கு உன்னையும் கூட்டிப் போயிருந்தேன். வேலை முடிந்து போன ஒரு ஆளின் மடியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். ஒரு கைப்பிடி காய் இருந்தது. பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறு, கசாயத்துக்கு எடுத்தேன் என்றார். நான் கேட்கவில்லை. மானேஜரிடம் ஒப்படைத்தேன். அவரை அடித்து, அன்றைக்கே லயத்து வீட்டைப் பூட்டி, அந்தக் குடும்பத்தை மழையில் இறக்கிவிட்டார்கள். வீட்டு வாசலில் வைத்து, "ஒரு கைப்பிடிக்காப்பா?" என்று கேட்டாய். விட்டால் நாளைக்கு மூட்டை போகும் என்று நான் பதில் சொன்னேன். நீ என்னை அன்றைக்கே எடைபோட்டு முடித்துவிட்டாய். நான் உன்னை நம்பாமல் போனதற்கு ஏழு வருசம் முன்னாலேயே நீ என்னை நம்பாமல் போயிருக்கிறாய். உன் சந்தேகம் சரி, என்னுடையது தப்பு. ரேஞ்சரிடம் நான் போயிருப்பேன். நிச்சயம் போயிருப்பேன்.

கிளம்பும்போது, "யாருட்டயும் சொல்லிறாதீகய்யா" என்று அவள் கையைப் பிசைந்தாள். வளையத்தை விலைக்குக் கேட்கலாம் என்று ஒரு நிமிசம் தோன்றி, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். இறங்கும் பஸ்சில் முந்தலுக்குக் கொஞ்சம் மேலே காட்டிலாகா ஆள் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் பழக்கம். "அண்ணாச்சி, அந்தத் தோட்டத்துப் பக்கமிருந்துதான வர்றீக? லயத்துல மிளாக் கறி பொழங்குதுன்னு அடிக்கடி பேச்சு வருது. ஏதும் பாத்தீகளா?" என்றார். கொம்பு என் கண்ணுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருசமாக ஊரில் சட்டம் பேசுகிறவன் நான். "மிளாவா? அங்கன ஏது மிளா?" என்றேன். அவர் நம்பினார். என்னை நம்பாமல் யாரை நம்புவார்?

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "எம் புள்ள மிளான்னு சொன்னப்பவே மிளாதேன்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். நாலு வருசமாக இந்த வீட்டில் தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். மறுநாள் மைதீனிடமும் போனேன். "அந்த முடி உண்மையிலேயே மிளா முடிதான்" என்றேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைக்காமல், "அப்படியா அண்ணே? எதுக்கும் மார்க்கா போட்டுப் பாத்துருங்க" என்றான். அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது.

என்னை மன்னித்துவிடு. இந்த இரண்டு வார்த்தையை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். தகப்பன் மகனிடம் கேட்கலாமா என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நீ ஒரு மிருகத்தின் கண்ணைக் கட்டுவதற்குத் துண்டைக் கொடுத்தாய், நான் அந்தத் துண்டை வைத்து உன்மேல் கொலைப்பழி கட்டினேன். கேட்கத்தான் வேண்டும். உனக்கு வரப்போகிறவள் கம்பத்துப் பெண், நல்ல குடும்பம். பெண் பார்த்த அன்றைக்கே அவர்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் தட்டிப் பார்த்தவன் உன் அப்பன். அந்தப் பழக்கத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகாதே. வண்டி வாங்கும்போது மட்கார்டுக்குள் விரலை விடு. அவள் ஏதாவது சொன்னால் சொன்னதை எடுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு, காய் மாதிரி அனுப்பும் சின்னத் துணிப்பை ஒன்று வைத்திருக்கிறேன், ரிஜிஸ்தர் தபாலில் வரும். காய் இல்லை, வண்டிச் சாவி. இரண்டில் ஒன்று உனக்கு, மற்றது பெட்டியில் இருக்கிறது. பையில் மார்க்கா போடவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு வேறு கார்தான் வேண்டும் என்றால் பேசுகிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், வருத்தம்தான், ஆனாலும் பேசுகிறேன். ஆனால் நீ ரயிலில் வந்து இறங்குகிற அன்றைக்கு நம் வண்டி ரயிலடியில் நிற்கும். எனக்குத்தான் ஓட்ட வராதே, மைதீன் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விடுவான். நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஓட்டுகிற இடம் காலியாக இருக்கும். ஜட்காவில் போவதானால் போ, நான் மைதீனுக்கு ஆள் அனுப்பிக்கொள்கிறேன்.

கல்யாணம் முடிந்து மருமகளோடு மலைக்கு ஒரு நடை போய்வா. செல்லத்தாய் வீட்டில் உன் துண்டு இருக்கிறது, வாங்கிக்கொள். பனி இருந்தால் மெதுவாகப் போ. அந்த ஒன்றரைக்கண் விளக்கு வளைவில் சரியாகக் காட்டாது. எதையாவது இடித்துவிட்டால் வண்டியைப் பற்றி யோசிக்காதே, தட்டி எடுத்துவிடலாம். வீட்டுக்கு வந்து, இடித்துவிட்டேன் என்று சொல். மிளா எங்கே என்று நான் கேட்க மாட்டேன்.

உன் அப்பா